டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?

2022 ஜூலை மாதம். டெல்லியிலிருந்து ஹைதராபாத் போய்க்கொண்டிருந்த விமானம். நள்ளிரவு தாண்டிய நேரம். பயணி ஒருவருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகிறது. "விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று அறிவிப்பு வருகிறது. எழுந்து போனவர் தமிழிசை சௌந்தரராஜன். அப்போது அவர் தெலங்கானா ஆளுநர். அரசியலுக்கு வரும் முன்பே டாக்டர். முதலுதவி செய்து, தைரியம் சொல்லி, அந்தப் பயணியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது டெங்கு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார்.

பத்திரிகைகள் ஆளுநரைப் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு கேள்வி அமுங்கிப் போய்விட்டது. ஆளுநர் அன்றைக்கு வேறு விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தால்?

அந்த அறிவிப்பைக் கேட்டு உலகமே பழகிவிட்டது. சினிமாவில்கூட வருகிறது. பழகிவிட்டதால் அதன் அர்த்தம் யாருக்கும் உறைப்பதில்லை. 'காசு வாங்கிக்கொண்டு உங்களை ஏழு மைல் உயரத்துக்கு ஏற்றிவிட்டோம், இப்போது உங்களுக்கு ஏதாவது ஆனால், காசு கொடுத்து ஏறிய இன்னொருவர் வந்து பார்த்தால்தான் உண்டு' என்பதுதான் அந்த ஒற்றை வரியின் அர்த்தம். இதை மருத்துவ ஏற்பாடு என்று சொல்ல முடியாது. குலுக்கல் சீட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விமானத்துக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்குக் கூட்டுவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம்தான் உள்ளே இருக்கும். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது மீனம்பாக்கத்தில் கிளம்பும் ஒவ்வொரு பயணியும் அரைமணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். கொண்டை ஊசி வளைவும் இல்லை, நடுவில் இறங்கி டீ குடிக்கவும் முடியாது!

நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 97, 98 சதவீதத்திலிருந்து 92, 93 வரை இறங்கும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ தள்ளாடுகிறவருக்கு? அழுத்தம் குறைவதால் உடம்புக்குள் அடைபட்டிருக்கும் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது ஆபத்து. காற்றில் ஈரம் மிகக் குறைவு. மணிக்கணக்கில் காலை மடக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் உண்டு. ஆக, உடம்பு கெட்டுப்போக எல்லா வசதியும் செய்து வைத்திருக்கும் இடம் விமானம். பார்ப்பதற்கான வசதிதான் இல்லை.

இது எப்போதோ ஒருமுறை நடக்கும் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2013ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஐந்து விமான நிறுவனங்கள், 2008 முதல் 2010 வரை, 11,920 மருத்துவ அவசரங்கள். கணக்குப் போட்டால் 604 விமானங்களுக்கு ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கம். அடுத்தது மூச்சுத் திணறல், அதற்கடுத்து வாந்தி. 2022, 2023 ஆண்டுகளில் 84 நிறுவனங்களின் விமானங்களை வைத்து 2025ல் வெளியான இன்னொரு ஆய்வில் 212 விமானங்களுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது. உலகத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் பறக்கின்றன. அப்படியானால் தினமும் நானூறு, ஐநூறு பேர்!

2013 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எல்லோரும் பார்க்க வேண்டிய எண் அதுதான். சக பயணியாக இருந்த ஒரு டாக்டர் உதவிக்கு வந்தது 48.1 சதவீதம் சமயங்களில். மீதிச் சமயங்களில் ஒரு நர்ஸ் இருந்திருக்கலாம், ஆம்புலன்ஸ் பணியாளர் இருந்திருக்கலாம், அல்லது விமானச் சிப்பந்திகள் மட்டுமே இருந்திருக்கலாம். அதாவது காசைச் சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் டாக்டர், தலை விழுந்தால் இல்லை. பூ விழுந்தாலும் வருகிறவர் தோல் டாக்டரா, கண் டாக்டரா, மனநல மருத்துவரா, கடைசியாக நெஞ்சுவலி நோயாளியைப் பார்த்து இருபது வருஷம் ஆனவரா என்பது அடுத்த குலுக்கல்.

சரி, டாக்டர் வந்துவிட்டார். அவர் கையில் என்ன கொடுப்பார்கள்?

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1995 மே மாதம், ஹாங்காங்கிலிருந்து லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். ஏர்போர்ட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண் அதில் பயணம் செய்தார். விமானம் மேலே ஏறிய பிறகு நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தது. விழுந்ததில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, அந்தக் காற்று நுரையீரலையே நசுக்கிக்கொண்டிருந்தது. உயரம் அந்தக் காற்றை மேலும் விரியவைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிர்ஷ்டவசமாக ஆங்கஸ் வாலஸ் என்ற பேராசிரியர், எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், அதே விமானத்தில் இருந்தார். இன்னொரு டாக்டரும் சேர்ந்துகொண்டார். கோட் மாட்டும் ஹேங்கரின் கம்பி, கிருமி நீக்கப் பிராந்தி, தண்ணீர் பாட்டில், சிறுநீர்க் குழாய். இவற்றை வைத்துக்கொண்டு நெஞ்சில் துளை போட்டுக் காற்றை வெளியேற்றினார்கள். அந்தப் பெண் பிழைத்தார்.

முப்பது வருஷமாக இந்தக் கதையைச் சாகசக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். சாகசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனுஷியின் நெஞ்சைத் திறக்க கோட் ஹேங்கரைத் தேட வேண்டியிருந்தது என்பதற்கு விமானத் துறை பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

அதற்குப் பிறகு முன்னேற்றம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1998ல் ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த விதிப்படி, 2004 ஏப்ரலுக்குள் சிறிய விமானங்கள் தவிர மற்ற எல்லாப் பயணிகள் விமானங்களிலும் கூடுதல் மருந்துப் பெட்டியும் ஏ.இ.டி. கருவியும் கட்டாயம் ஆயின. ஏ.இ.டி. என்பது இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்கப்போகும்போது மின் அதிர்ச்சி கொடுத்து அதைச் சரிப்படுத்தும் சின்னப் பெட்டி. எங்கே ஒட்ட வேண்டும், எப்போது பட்டனை அழுத்த வேண்டும் என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். ஷாக் தேவையில்லை என்றால் கொடுக்க விடாது. டாக்டர் தேவையில்லை.

ஆனால் அந்த அமெரிக்க மருந்துப் பெட்டியின் கட்டாயப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். சர்க்கரை தாழ்ந்து போனவருக்கு ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் அதில் இருக்கிறது. சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கும் குளுக்கோமீட்டர் இல்லை! தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும் கருவி அது. ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, ஆனால் என்ஜின் இரைச்சலில் அதை வைத்து ஒழுங்காக ஒன்றும் கேட்காது. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், காது கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கருவி, பட்டியலில் இல்லை. நல்ல நிறுவனங்கள் தாமாக வாங்கி வைக்கின்றன. மற்றவை சட்டத்தில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த விமானத்தில் என்ன இருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும் பயணிக்குத் தெரியாது. சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள், ஜன்னல் சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். ஏ.இ.டி. இருக்கிறதா என்பது மட்டும் சிதம்பர ரகசியம்.

இந்தத் துறைக்குத் திட்டமிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு என்ஜின் உள்ள விமானம் கடலைக் கடக்கும்போது, ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துக்கொண்டு இத்தனை நிமிடத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. பல விமானங்களுக்கு அது 180 நிமிடம். என்ஜின் நிற்பது மிக மிக அபூர்வம். ஆனாலும் அதற்காகப் பாதையையே மாற்றுகிறார்கள், எரிபொருள் கணக்குப் போடுகிறார்கள், பைலட்டுகளைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். 'என்ஜின் மெக்கானிக் யாராவது இருக்கிறீர்களா?' என்று மைக்கில் கேட்பதில்லை. பயணியின் இதயம் நின்றால் மட்டும் மைக்கை எடுக்கிறார்கள்.

இதயம் நின்ற பிறகு ஷாக் கொடுப்பது ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 180 நிமிடம் என்ஜினுக்குப் போதும். இதயத்துக்கு மூன்று நிமிடமே அதிகம். அந்த மூன்று நிமிடத்தில் தரையில் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியும் உதவிக்கு வர முடியாது. விமானத்துக்குள் இருக்கும் பெட்டியும், அதை எடுத்து ஓடிவரப் பழகிய சிப்பந்தியும்தான் கதி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1997ல் தன் விமானங்களில் இந்தக் கருவியை வைக்கத் தொடங்கியது. சட்டம் வருவதற்கு முன்பே! முதல் 200 முறை பயன்படுத்தியதை ஆராய்ந்து 2000ல் முடிவு வெளியிட்டார்கள். ஷாக் கொடுக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேர் உயிரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். வானத்தில் அதிர்ஷ்டத்தை நம்பாமலும் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட்டில் பெங்களூருவிலிருந்து டெல்லி போன விமானத்தில், இதய ஆபரேஷன் செய்திருந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு மூச்சு நின்றுபோனது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஐந்து பேர் அதே விமானத்தில் இருந்தார்கள். ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். 45 நிமிடம் போராடினார்கள், ஏ.இ.டி.யும் பயன்பட்டது. விமானத்தை நாக்பூரில் இறக்கி, குழந்தையை உயிரோடு ஒப்படைத்தார்கள். சில நாட்களில் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்துபோனது என்பது பெரிய துயரம். ஆனால் பெற்றவர்களுக்கு அந்தச் சில நாள் நம்பிக்கையாவது கிடைத்ததற்குக் காரணம், ஒரு மாநாடு அந்தத் தேதியில் முடிந்தது!

விமான நிறுவனங்களின் பதில் என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 'விமானம் ஆஸ்பத்திரி இல்லை.' உண்மைதான், யாரும் ஆபரேஷன் தியேட்டர் கேட்கவில்லை. 'எடை கூடும்.' ஏ.இ.டி. கருவியின் எடை இரண்டு, மூன்று கிலோ. ட்யூட்டி ஃப்ரீ வண்டியில் சாராயமும் சென்டும் எத்தனை கிலோ? அதைத் தூக்கிக்கொண்டு பறக்க என்ஜினுக்குக் கஷ்டமாக இல்லையே. 'இறப்பவர்கள் ரொம்பக் குறைவு.' ஆமாம், 2013 ஆய்வில் 0.3 சதவீதம்தான். என்ஜின் நின்று இறப்பவர்கள் அதைவிடக் குறைவு. அதற்காக அந்த விதியை எடுத்துவிடலாமா?

இன்னொரு பதிலும் உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்கள், வக்கீல் மூலம் சொல்வார்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான ஒப்பந்தங்களின்படி, விமானத்தில் நடக்கும் 'விபத்து'க்குத்தான் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும். 1985ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பயணியின் உடம்புக்கு வெளியே நடக்கும், எதிர்பாராத நிகழ்ச்சிதான் விபத்து என்று சொல்லிவிட்டது. மாரடைப்பு உடம்புக்கு உள்ளே நடப்பது. ஆகவே விபத்து இல்லை. ஆகவே பொறுப்பும் இல்லை. எவ்வளவு வசதி!

இந்த வசதியில் ஓட்டை விழுந்தது ஒலிம்பிக் ஏர்வேஸ் வழக்கில். 1998 ஜனவரியில் ஏதென்ஸிலிருந்து நியூயார்க் போன விமானம். அப்போது அதில் புகைபிடிக்கும் வரிசைகள் தனியாக இருந்தன. ஆஸ்துமா உள்ள ஒரு பயணிக்கு அந்த வரிசைகளுக்கு மூன்றே வரிசை முன்னால் இடம். அவரும் ஒரு டாக்டர் என்பது இதில் கொடுமை. வேறு இடம் கொடுங்கள் என்று அவர் மனைவி மூன்று முறை கேட்டார். விமானம் நிரம்பிவிட்டது என்று பணிப்பெண் மறுத்துவிட்டார். உண்மையில் பதினோரு சீட் காலியாக இருந்தது. அந்த மனிதர் விமானத்திலேயே இறந்துபோனார். உதவி மறுக்கப்பட்டதே 'விபத்து'தான் என்று 2004ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவி செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு செயல்தான் என்று விமானத் துறைக்குச் சொல்ல ஒரு உயிரும் ஆறு வருஷமும் தேவைப்பட்டன.

கூப்பிட்டவுடன் எழுந்து வரும் டாக்டரின் நிலைமை என்ன? சம்பளம் இல்லை. முன்பின் தெரியாத நோயாளி, தெரியாத மருந்துப் பெட்டி, இரண்டு சீட்டுக்கு நடுவில் மண்டியிட்டு வைத்தியம். ஏதாவது தப்பாகப் போனால் கேஸ் வருமோ என்ற பயம் வேறு. அமெரிக்காவின் 1998 சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. மிக மோசமான அலட்சியம் இருந்தாலொழிய அவர் மீது வழக்குப் போட முடியாது. இந்தியாவில் 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சாலை விபத்தில் உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். நல்ல காரியம். அந்தப் பாதுகாப்பு ரோட்டோடு நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை. 1934ம் வருடத்து விமானச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2024ல் புதுச் சட்டம் போட்டபோது, சமஸ்கிருதத்தில் பெயர் வைக்க நேரம் இருந்தது. இந்த டாக்டருக்காக ஒரு பிரிவு சேர்க்க நேரம் இல்லை.

பயணிகள் பக்கமும் தப்பு இருக்கிறது. பேரனைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் மாத்திரைகளைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறார்கள்! போன மாதம் ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னால் ஏற்ற மாட்டார்களோ என்று மறைக்கிறவர்களும் உண்டு. சென்னையிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். டாக்டரிடம் கேட்டு, நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பி, மருந்துச் சீட்டோடு மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்வது பயணியின் கடமை. ஆனால் அவர் தன் கடமையை மறந்தார் என்பது, நிறுவனம் தன் கடமையை மறக்க லைசென்ஸ் ஆகாது.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. பயணிகள் விமானம் எதுவானாலும் ஏ.இ.டி., குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கட்டாயம் என்று ஒரே மாதிரி விதி வேண்டும். மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே போட வேண்டும். பறவை மோதினால்கூடக் கணக்கு வைக்கும் துறை, பயணி மயங்கி விழுந்தாலும் கணக்கு வைத்து ஒவ்வொரு வருஷமும் வெளியிட வேண்டும். வானத்தில் உதவும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். டாக்டர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவைக்கும் திட்டம் லுஃப்தான்ஸாவில் பல வருஷமாக நடக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இதெல்லாம் வந்த பிறகும் அந்த அறிவிப்பு வரட்டும், தப்பில்லை. எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, கூடுதலாக ஒரு டாக்டர் கிடைத்தால் நல்லது என்று கேட்பது வேறு. ஒன்றுமே இல்லாமல் கேட்பது வேறு. முதலாவது உதவி கேட்பது. இரண்டாவது பிச்சை. அதுவும் காசு கொடுத்து ஏறியவரின் உயிருக்காக, காசு கொடுத்து ஏறிய இன்னொருவரிடம் கேட்கும் பிச்சை.

ஒவ்வொரு விமானத்திலும் ஆளுநர் இருக்க மாட்டார்.